உடலுறவில் வலி: விழிப்புணர்வுப் பயிற்சியும் கஞ்சா பற்றிய கேள்வியும் – மலேசியத் தமிழர்களுக்கான முழுமையான வழிகாட்டி

உடலுறவின்போது வலிக்கிறது என்பதை ஒரு பெண் வாய்விட்டுச் சொல்வதற்குள் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. கல்யாணமான புதிதில் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்பார்கள். பிள்ளை பெற்ற பிறகு ‘பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்பார்கள். ஐம்பதைத் தாண்டிவிட்டால் ‘இந்த வயதில் இதெல்லாம் எதற்கு’ என்று பேச்சையே முடித்துவிடுவார்கள். சொல்கிறவர்கள் வேறு வேறு என்றாலும் செய்தி ஒன்றுதான்: பொறுத்துக்கொள். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பெண்களோடு இதைப் பற்றிப் பேசிவரும் நான், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்ததால் வலி குறைந்த ஒருவரையும் பார்த்ததில்லை. பொறுத்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் உடல் அடுத்த முறைக்காக முன்கூட்டியே இறுகக் கற்றுக்கொள்கிறது. அந்த இறுக்கமே அடுத்த வலிக்குக் காரணமாகிறது. இந்தச் சுழற்சியை எங்கே, எந்த வரிசையில் அறுப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

கஞ்சாவைப் பற்றி முதலிலேயே பேசிவிடுவோம்

கனடாவிலும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் சட்டப்படி விற்கப்படும் கஞ்சா எண்ணெயும் களிம்பும் உடலுறவு வலியைத் தணிக்கும் என்ற செய்தி கைப்பேசி வழியாக நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. விழிப்புணர்வுத் தியானத்தோடு (mindfulness: உடலிலும் மனத்திலும் நடப்பதை மாற்ற முயலாமல் கவனிக்கும் பயிற்சி) அதைச் சேர்த்துப் பயன்படுத்தலாமா என்று இளம் தம்பதிகள் கேட்கிறார்கள். சித்த மருத்துவத்தில் கஞ்சா சேர்ந்த மருந்துகள் உண்டே என்று பெரியவர்கள் சிலர் எடுத்துக்கொடுப்பதும் உண்டு.

மலேசியாவில் இதற்கான பதிலில் மழுப்பலுக்கு இடமில்லை. 1952-ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின்படி கஞ்சாவை வைத்திருப்பதும் உட்கொள்வதும் குற்றம். சிறிய அளவுக்கே சிறையும் அபராதமும் உண்டு. அளவு கூடினால் பிரம்படியும் சேரும். 200 கிராம் அல்லது அதற்கு மேல் கையிலிருந்தால் கடத்தலுக்காக வைத்திருந்ததாகவே சட்டம் அனுமானிக்கிறது. கட்டாய மரண தண்டனை 2023-இல் நீக்கப்பட்டதே தவிர, மரண தண்டனை சட்டத்திலிருந்து போய்விடவில்லை. வலிக்காகத்தான் வைத்திருந்தேன் என்பது விடுதலை தரும் பதில் ஆகாது. பதிவு செய்யப்பட்ட கஞ்சா மருந்தை மருத்துவப் பயனுக்காக இறக்குமதி செய்யச் சட்டத்தில் வழி உண்டு என்று சுகாதார அமைச்சு 2021-இல் நாடாளுமன்றத்தில் விளக்கியது உண்மைதான். ஆனால் அது மருந்து நிறுவனங்கள் விண்ணப்பித்து, ஆதாரம் காட்டி, அனுமதி பெற வேண்டிய வழி. இணையத்தில் யாரோ விற்கும் எண்ணெய்ச் சீசாவுக்கு அது பொருந்தாது. கஞ்சாச் செடியிலிருந்தே எடுக்கப்பட்டு, போதை தராது என்று சொல்லி விற்கப்படும் சிபிடி எண்ணெயும் இதே வலையில்தான் விழுகிறது.

பினாங்கில் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஹாட்யாய் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தபோது வார இறுதியில் போய்வந்தவர்கள் பலர். அந்த நாடே 2025-இல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று விதியை மாற்றிக்கொண்டது. அங்கே கிடைக்கிறதோ இல்லையோ, ஒரு மிட்டாயாகக்கூட அதை எல்லை தாண்டிக் கொண்டுவரக் கூடாது; உட்கொண்டதன் தடயம் சிறுநீரில் பல நாட்கள் தங்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

சட்டத்தை ஒதுக்கிவைத்து மருத்துவத்தை மட்டும் பார்த்தாலும் நிலைமை அவ்வளவு தெளிவானதல்ல. கஞ்சாவிலுள்ள டிஎச்சி என்ற வேதிப்பொருள் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள சிபி1 ஏற்பிகளில் (வேதிச் செய்திகளைப் பெறும் இடங்களில்) ஒட்டி, வலியை உணரும் விதத்தை மாற்றுகிறது. அதனால் சிலருக்கு ஆறுதல் கிடைப்பது உண்மை. ஆனால் உடலுறவு வலி குறித்து இருப்பவை பெரும்பாலும் பயன்படுத்தியவர்களைக் கேட்டு எழுதிய கருத்தாய்வுகளே. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2021-இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கையில், தரமான ஆதாரம் போதாததால் பொதுவான வலி நிவாரணத்துக்குக் கஞ்சாவைத் தன்னால் பரிந்துரைக்க இயலாது என்று சொல்லிவிட்டது. அளவு கூடினால் பதற்றத்தைத் தணிப்பதற்குப் பதில் கிளப்பிவிடும். கருத்தரிக்க முயல்பவர்களும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அதைத் தொடவே கூடாது.

கஞ்சாவைத் தேடுகிறவர்கள் உண்மையில் எதைத் தேடுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால், மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன: தசை தளர வேண்டும், பயம் அடங்க வேண்டும், வலியிலிருந்து கவனம் விலக வேண்டும். முதல் இரண்டையும் பயிற்சியால் அடைய முடியும்; இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான். மூன்றாவதை நான் விரும்பவில்லை. கவனம் விலகினால் நிறுத்தச் சொல்லும் அறிகுறியும் சேர்ந்தே மறைந்துவிடும். தோல் கிழிந்தது மறுநாள்தான் தெரியும். சம்மதமும் தெளிந்த அறிவோடு தரப்பட வேண்டியது.

சட்டம் அனுமதிக்கும் நாட்டில் வாழ்ந்து, மருத்துவர் எழுதிக்கொடுத்துப் பயன்படுத்தும் உறவினர் உங்களுக்கு இருந்தால், அவருக்கு இவற்றைச் சொல்லலாம்: விழிப்புணர்வுப் பயிற்சியை மருந்தின்றித் தெளிவாக இருக்கும்போதே கற்றுக்கொள்ளட்டும், புது மருந்தையும் புதுப் பயிற்சியையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம், தூக்க மாத்திரையோ மதுவோ அதோடு சேரக் கூடாது, எண்ணெய் கலந்த எதுவும் லேடெக்ஸ் ஆணுறையைக் கிழியச் செய்யலாம், மலேசியாவுக்கு வரும்போது அதில் ஒரு துளிகூடப் பெட்டியில் இருக்கக் கூடாது.

முதல் படி: வலி எங்கே, எப்போது, எப்படி

ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் போதும். வலி நுழைவாயிலிலா, ஆழத்திலா? தொடக்கத்திலேயே வருகிறதா, நடுவிலா, முடிந்த பிறகா? எரிச்சலா, குத்தலா, இழுத்துப் பிடிப்பதா, கனமான நோவா? மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் கூடுகிறதா? டாம்பான் வைக்கும்போதும் வலிக்கிறதா? உறவே இல்லாத நாட்களிலும் இருக்கிறதா? பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஓர் எண்ணும் போட்டுவையுங்கள்.

இந்தக் கேள்விகளுக்கான பதிலே காரணத்தை ஏறக்குறைய காட்டிவிடும். நுழைவாயிலில் தொட்டாலே எரிந்தால், அந்த இடத்து நரம்புகள் அதிகமாகக் கூர்மையடைந்த வெஸ்டிபுலோடினியாவாக இருக்கலாம். பூஞ்சைத் தொற்றாகவோ தோல் நோயாகவோ இருக்கலாம். உள்ளே எதுவும் போகவே முடியாமல் சுவர் போல அடைத்துக்கொண்டால் வஜினிஸ்மஸ், அதாவது இடுப்பின் அடியில் சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் தாங்கி நிற்கும் இடுப்புத்தளத் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்ளும் நிலை. ஆழத்தில் குத்தினால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), சூலகக் கட்டி, இடுப்புக்குழித் தொற்று ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பிள்ளைபேற்றுக்குப் பிறகு வந்த வலிக்குத் தையல் தழும்பும், பாலூட்டும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் வரும் வறட்சியும் காரணமாகின்றன. மாதவிடாய் நின்ற பிறகு வருவது பெரும்பாலும் அதே ஈஸ்ட்ரோஜன் குறைவால் சவ்வு மெலிந்து உலர்ந்து போவதால்தான். எண்டோமெட்ரியோசிஸ் மட்டுமே உலகில் பிள்ளை பெறும் வயதிலுள்ள ஏறத்தாழ பத்துப் பெண்களில் ஒருவருக்கு இருக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இது உங்கள் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த விபரீதம் இல்லை.

இரண்டாம் படி: மருத்துவரைப் பார்ப்பது

தியானத்துக்கு முன் பரிசோதனை. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். தொற்றையோ கட்டியையோ மூச்சுப் பயிற்சியால் குணப்படுத்த முடியாது. காரணம் தெரியாமல் வலியோடு பழகிக்கொள்வது ஆபத்து.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு கோலாலம்பூர் பொது மருத்துவமனை, துங்கு அசிசா மகளிர் குழந்தைகள் மருத்துவமனை, பினாங்கு பொது மருத்துவமனை போன்ற இடங்களில் நிபுணரைப் பார்க்கலாம். நிபுணர் கட்டணம் ஐந்து வெள்ளி. காத்திருப்பு நீளும் என்பதால் வசதியுள்ளவர்கள் தனியார் மகப்பேறு நிபுணரிடம் போகிறார்கள்.

பலருக்கும் கஷ்டம் பதிவு மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. பட்டர்வொர்த்தைச் சேர்ந்த ஓர் அக்கா மூன்று முறை கிளினிக்குக்குப் போய், ‘என்ன சாக்கிட்’ என்று தாதி கேட்டதும் கூச்சத்தில் ‘இடுப்பு வலி’ என்று சொல்லி வலி மாத்திரையோடு திரும்பியிருக்கிறார். நான்காம் முறை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய் நீட்டினார்: ‘சாக்கிட் செமாசா ஹுபுங்கான் கெலாமின்’, அதாவது உடலுறவின்போது வலி, அதன் கீழே ‘டோக்டர் பெரெம்புவான்’, பெண் மருத்துவர் வேண்டும். தாதி படித்தார், தலையசைத்தார், சீட்டை மடித்துக் கோப்புக்குள் வைத்துவிட்டு வேறு அறைக்கு அனுப்பினார். ஒரு வார்த்தையும் உரக்கப் பேச வேண்டியிருக்கவில்லை. இதை எல்லோருக்கும் சொல்கிறேன், சீட்டு எழுதுங்கள்.

பரிசோதனை அறையிலும் உங்களுக்கு உரிமைகள் உண்டு. துணைக்கு ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம். கருவி எதையும் உள்ளே செலுத்தும் முன் சொல்லச் சொல்லலாம். சிறிய அளவுக் கருவியைக் கேட்கலாம். கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று முன்பே பேசிவைக்கலாம். நுழைவாயில் வலிக்குப் பஞ்சு சுற்றிய குச்சியால் ஒவ்வோர் இடமாக மெல்லத் தொட்டுப் பார்ப்பதே முக்கியமான சோதனை. வலி இருக்கும் இடத்தை நீங்களே விரலால் காட்டினாலும் நல்லது. பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை என்றால், அதற்காக வலி பொய்யாகிவிடாது. நரம்பின் கூர்மையும் தசையின் இறுக்கமும் வழக்கமான ஸ்கேனில் தெரிவதில்லை.

காரணத்தைப் பொறுத்து யோனிக்குள் வைக்கும் ஈஸ்ட்ரோஜன், மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் களிம்பு, தொற்றுக்கான மருந்து, அறுவை சிகிச்சை, இடுப்புத்தளப் பிசியோதெரபி என்று வழிகள் பல. பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லி நீங்களே கேட்கலாம்.

உறவுக்குப் பின் இரத்தம் கசிவது, மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் படுவது, காய்ச்சலோடு அடிவயிற்று வலி, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுவது ஆகியவை இருந்தால் தாமதிக்கக் கூடாது. கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ள நேரத்தில் திடீரென ஒரு பக்கமாகக் கடுமையான அடிவயிற்று வலி வந்தால் நேராக அவசரப் பிரிவுக்கே போங்கள்.

மூன்றாம் படி: உடலை எரிச்சலூட்டுவதை நிறுத்துவது

குளியலறை அலமாரியைத் திறந்து பாருங்கள். வாசனைச் சோப்பு, கிருமிநாசினி, பவுடர், வெற்றிலைச் சாறு கலந்த கழுவு திரவம், இறுக்கித் தரும் என்று விற்கப்படும் மாசிக்காய் மாத்திரை, களிம்பு – எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். பிரசவத்துக்குப் பிறகு உடம்பு இறுக வேண்டும் என்று மலாய்த் தோழிகளும் நம் வீட்டுப் பெரியவர்களும் அன்போடுதான் மாசிக்காயைக் கொடுக்கிறார்கள். ஆனால் அது துவர்ப்பு மிகுந்தது, ஏற்கனவே உலர்ந்த சவ்வை இன்னும் உலர்த்தும். வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும். உள்ளே கழுவவே வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இறுக்கமான செயற்கைத் துணி உள்ளாடையைவிடப் பருத்தி நல்லது.

மருந்தகத்தில் லூப்ரிகண்ட் ஜெல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நீர் கலந்த ஜெல்லும் சிலிகோன் ஜெல்லும் ஆணுறையோடு சேரும்; தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் லேடெக்ஸ் ஆணுறையைச் சேதப்படுத்தும். சூடேற்றும், வாசனை வீசும் வகைகள் வேண்டாம்.

நான்காம் படி: உட்புகும் உறவுக்கு இடைவேளை

சில வாரங்களுக்கு உட்புகும் உறவு வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவெடுங்கள். வலிக்கும் செயலைத் தொடர்ந்துகொண்டே உடலுக்குப் பயமில்லை என்று கற்றுக்கொடுக்க முடியாது. கண்ணுக்கு அருகே விரல் வந்தால் இமை எப்படி நம்மைக் கேட்காமலே மூடிக்கொள்கிறதோ, அப்படித்தான் இடுப்புத்தளத் தசையும் செயல்படுகிறது. அதனால் ‘நீதான் இறுக்குகிறாய்’ என்று மனைவியைக் குறை சொல்வதில் பொருளில்லை.

கணவரிடம் இதைப் படுக்கையறையில் பேச வேண்டாம். வெளியே போகும்போது, பக்கத்துப் பக்கத்தில் நடந்துகொண்டோ காரில் உட்கார்ந்துகொண்டோ, முகத்தை முகம் பார்க்காத நேரத்தில் பேசுவது எளிது. ‘உங்களைப் பிடிக்காமல் இல்லைங்க, எனக்கு வலிக்கிறது, டாக்டரும் கொஞ்ச நாள் வேண்டாம் என்றிருக்கிறார்’ என்று தொடங்கினாலே பாதி கனம் இறங்கிவிடும். பெரும்பாலான கணவன்மார் கேட்டதும் திகைத்துப் போகிறார்கள். தான் துன்பப்படுத்திக்கொண்டிருந்தது தெரியாமலே இருந்திருக்கிறார்கள்.

எல்லா வீடும் அப்படி இல்லை என்பதும் தெரியும். மனைவிக்குக் காயம் விளைவித்தோ, விளைவிப்பேன் என்று அச்சுறுத்தியோ உறவு கொள்வது மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 375ஏ பிரிவின்படி குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. அத்தகைய நிலையில் இருப்பவருக்கு இந்தப் பயிற்சிகள் தீர்வாகா. முதலில் பாதுகாப்பே வேண்டும். பினாங்கில் மகளிர் மாற்றத்துக்கான மையமும், கிள்ளான் பள்ளத்தாக்கில் மகளிர் உதவி அமைப்பும் இரகசியம் காத்து உதவுகின்றன. தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசாங்க உதவித் தொலைபேசியை 15999 என்ற எண்ணில் இரவிலும் அழைக்கலாம்.

ஐந்தாம் படி: மூச்சும் இடுப்புத்தளமும்

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, ஒரு கையை அடிவயிற்றில் வையுங்கள். மூக்கின் வழியே மெதுவாக மூச்சை இழுக்கும்போது வயிறு உயர வேண்டும். அதே நேரத்தில் ஆசனவாய்க்கும் யோனிக்கும் இடையிலுள்ள பகுதி மெல்லக் கீழே இறங்கி விரிவதை உணர வேண்டும். சிறுநீர் கழிக்கத் தொடங்கும் கணத்தில் அங்கே ஏற்படும் தளர்ச்சிதான் நாம் தேடுவது. மூச்சை விடும்போது எதையும் இழுத்துப் பிடிக்க வேண்டாம்; விட்டுவிடுங்கள். நாளுக்கு இரண்டு வேளை, ஐந்து நிமிடம் போதும்.

பிரசவத்துக்குப் பின் சொல்லித்தரப்படும் கெகல் பயிற்சி தசையை இறுக்குவதற்கானது. வலியுள்ளவருக்குத் தசை ஏற்கனவே அளவுக்கு மீறி இறுகியிருக்கக்கூடும். பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்லாமல் அதைச் செய்ய வேண்டாம். பகலில் எங்கெல்லாம் இறுக்கிப் பிடிக்கிறோம் என்று கவனிப்பதும் பயிற்சியே. செந்தூலிலிருந்து எல்ஆர்டி ஏறும்போது, பட்டர்வொர்த் ஃபெரியில் நிற்கும்போது, அலுவலகத்தில் மேலாளர் அழைக்கும்போது தாடை, தோள், அடிவயிறு, தொடையின் உட்புறம் என வரிசையாகக் கவனித்துத் தளர்த்துங்கள். தாடையை இறுக்குகிறவர்கள் இடுப்புத்தளத்தையும் சேர்த்தே இறுக்குவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

ஆறாம் படி: உடலை ஊர்ந்து கவனித்தல்

இதுதான் விழிப்புணர்வுப் பயிற்சியின் மையம். தீராத வலியுள்ள நோயாளிகளுக்காக ஜான் கபாட்-சின் 1979-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் பல வாரப் பயிற்சியாக இதை வகுத்தார். அதன் வேர் பௌத்த விபாசனாவில் இருக்கிறது. கனடாவின் வான்கூவரில் உளவியலாளர் லோரி பிராட்டோவின் குழு, வெஸ்டிபுலோடினியா உள்ள 130 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றக் கற்றுத்தரும் உளச்சிகிச்சை) மற்றதற்கு விழிப்புணர்வுப் பயிற்சியும் எட்டு வாரங்கள் கொடுத்தது. 2019-இல் வெளியான முடிவில் இரு பிரிவினருமே தேறியிருந்தார்கள். உடலுறவின்போதான வலி குறைந்ததில் விழிப்புணர்வுப் பிரிவு ஒருபடி முந்தியிருந்தது. ஆகவே இது வெறும் மன ஆறுதல் பேச்சு அல்ல.

செய்முறை எளிது, தொடர்ந்து செய்வதுதான் கடினம். இருபது நிமிடம் யாரும் கூப்பிடாத நேரம் வேண்டும். மாமியாரும் பிள்ளைகளும் உள்ள மூன்றறை பிளாட்டில் அது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும்; விடியற்காலையில் வீடு எழுவதற்கு முன், அல்லது பிள்ளைகள் பள்ளிக்குப் போன கையோடு செய்பவர்களே நிலைத்து நிற்கிறார்கள். பாதத்தில் தொடங்கி, கணுக்கால், முழங்கால், தொடை, அடிவயிறு, மார்பு, தோள், முகம் என்று கவனத்தை ஒவ்வோர் இடமாகக் கொண்டுபோங்கள். அங்கே வெப்பமா, குளிர்ச்சியா, துடிப்பா, துணி உரசுவதா, ஒன்றுமே இல்லையா? எது இருந்தாலும் சரி. மாற்ற முயல வேண்டாம். மனம் அரிசி வாங்க வேண்டும் என்று ஓடினால், ஓடியதைக் கவனித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். அப்படித் திரும்பி வருவதற்கான பழக்கத்தைத்தான் வளர்க்கிறோம்.

முதல் வாரம் இடுப்புப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். இரண்டாம் வாரம் அங்கே சில மூச்சுகள் நில்லுங்கள். பிறகு, வலியோ கூச்சமோ தோன்றினால் அதை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். உடலில் இருப்பது என்ன: ‘இடப்பக்கம் காசளவு எரிச்சல், வந்து வந்து போகிறது’. மனம் சொல்வது என்ன: ‘நான் நல்ல மனைவி இல்லை’. உணர்ச்சி என்ன: பயம், வெட்கம், கோபம். மூன்றும் ஒரே கட்டியாக வரும்போது தாங்க முடியாததாகத் தெரிகிறது. பிரித்துப் பார்த்தால் உடலிலுள்ள பங்கு நாம் நினைத்ததைவிடச் சிறியதாக இருப்பதைப் பலர் கண்டிருக்கிறார்கள். ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற வலி ஆய்வாளர்கள் 1965-இல் முன்வைத்த வாயில் கோட்பாடு முதல் இன்றைய ஆய்வுகள் வரை உறுதி செய்வது, காயத்திலிருந்து வரும் செய்தியை நரம்பு மண்டலம் அப்படியே கடத்துவதில்லை, கூட்டவோ குறைக்கவோ செய்கிறது என்பதுதான். பயம் கூட்டுகிறது, பாதுகாப்புணர்வு குறைக்கிறது.

கண் மூடியதும் பழைய வன்முறை நினைவு மேலெழுபவர்கள் உண்டு. அப்போது கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் அழுத்தி, அறையிலுள்ள ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லுங்கள். மீண்டும் மீண்டும் வந்தால் தனியாகத் தொடராமல் மனநல ஆலோசகரின் துணையோடு செய்யுங்கள்.

தனியே செய்ய வராதவர்களுக்கு அமர்ந்து பழக இடங்கள் உண்டு. பினாங்கு மலேசிய பௌத்தத் தியான மையத்தில் விபாசனா கற்றுத்தருகிறார்கள். ஆனால் அது வலிச் சிகிச்சை அல்ல. பயிற்சியின் அடிப்படை மட்டும் அங்கே கிடைக்கும்.

ஏழாம் படி: பார்ப்பதும் தொடுவதும்

கைக்கண்ணாடி வைத்துத் தன் உறுப்பைப் பார்த்த பெண்கள் நம்மில் குறைவு. பார்த்து, எந்த இடம் எரிகிறது, எந்த இடம் எரியவில்லை என்று தெரிந்துகொள்வதே பயத்தைப் பாதி குறைக்கும். பிறகு கையைக் கழுவி, ஜெல் தடவிய விரல் நுனியை நுழைவாயிலில் வெறுமனே வைத்து, ஐந்தாம் படியின் மூச்சை விடுங்கள். தசை இறுகுவதையும் அடுத்த மூச்சில் தளர்வதையும் விரலிலேயே உணரலாம். வலிக்கு நீங்கள் போடும் எண் மூன்றைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். தள்ளி முன்னேறுவது இங்கே தோல்வியாக முடியும். மூச்சோடு காத்திருந்தால் இடம் தானாகக் கிடைக்கும்.

இதற்கென அளவு அளவாக வரும் டைலேட்டர்களை (யோனிக்குள் வைத்துப் பழகும் வழவழப்பான குழல் போன்ற கருவிகளை)ப் பிசியோதெரபிஸ்ட் பரிந்துரைப்பார். மிகச் சிறியதில் தொடங்கி, ஒன்று பல நாட்கள் வலியின்றிப் பழகிய பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். பாதியில் பின்வாங்க வேண்டிய வாரங்களும் வரும்; மாதவிடாய்க்கு முன்பும் தூக்கம் கெட்ட நாட்களிலும் உடல் கூடுதலாக இறுகும்.

எட்டாம் படி: இருவரும் சேர்ந்து

மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் 1970-இல் வெளியிட்ட தொடுகைப் பயிற்சியே இன்றும் இதற்கு அடிப்படை. முதல் கட்டத்தில் மார்பும் பிறப்புறுப்பும் தவிர மற்ற இடங்களை ஒருவர் தொட, மற்றவர் தோலில் உணர்வதை மட்டும் கவனிப்பார். பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு மாறிக்கொள்வார்கள். உறவில் போய் முடிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது உறுதியாகத் தெரிந்தால்தான் உடல் தளரும். ஆகவே அந்த ஒப்பந்தத்தை ஒரு நாள்கூட மீறக் கூடாது. ஒரு முறை மீறினாலும் பல வார உழைப்பு வீணாகும்.

அடுத்த கட்டங்களில் மற்ற இடங்களும் சேரும். உட்புகுதல் கடைசியில்தான், அதிலும் முதல் சில முறை அசைவின்றி, மனைவி மேலிருந்து ஆழத்தையும் வேகத்தையும் தானே தீர்மானிக்கும் நிலையில், நிறைய ஜெல்லோடு. ஆழத்தில் வலிப்பவர்களுக்குப் பக்கவாட்டில் படுத்த நிலை ஒத்துவரும். இருவரும் முன்பே பேசிவைத்த ஒரு சொல் இருக்கட்டும். அதைச் சொன்னதும் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகு முகம் திருப்பிக்கொள்ளாமல் அணைத்துக்கொண்டு படுத்திருப்பதும் பயிற்சியின் பகுதிதான். பிறகு எரிச்சல் இருந்தால் துணியில் சுற்றிய குளிர் ஒத்தடம் கொடுக்கலாம்.

ஆண்களுக்கும் வலி வரும். முன்தோல் இறுக்கம், புரோஸ்டேட் அழற்சி, உறுப்பு வளைந்து போகும் பெய்ரோனி நோய் ஆகியவை காரணமாகலாம். இடுப்புத்தள இறுக்கம் அவர்களுக்கும் உண்டு. மேலே சொன்ன மூச்சும் உடல் கவனிப்பும் அப்படியே பொருந்தும். சிறுநீரியல் மருத்துவரை (யூராலஜிஸ்ட்) பார்க்கக் கணவர் தயங்கினால், மனைவி எழுதியது போலவே அவருக்கும் ஒரு சீட்டு உதவும்.

வலி திரும்பி வந்தால்

பல மாதம் நன்றாக இருந்துவிட்டு, ஒரு காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ வீட்டில் நடந்த பெரிய சண்டைக்கோ பிறகு வலி திரும்புவது வழக்கமே. உட்புகும் உறவை மறுபடியும் நிறுத்தி, ஐந்தாம், ஆறாம் படிகளுக்கு ஓரிரு வாரம் திரும்புங்கள். முதல் தடவையைவிட விரைவாகவே உடல் தளரும். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் நோட்டுப் புத்தகத்தில் எண் இறங்கவே இல்லை என்றால், அந்தப் புத்தகத்தையே எடுத்துக்கொண்டு நிபுணரிடம் திரும்பிப் போய், வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய வலி இல்லாமல் புது இடத்தில், புது விதத்தில் வலித்தாலோ, இரத்தம் கண்டாலோ, பயிற்சியை நிறுத்திவைத்துவிட்டு அந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள்.